வளைந்த அலாய் வீல்: நிமிர்ப்பதா, மாற்றுவதா?

வசூலுக்கும் கொள்முதலுக்கும் காரில் ஊர் ஊராகப் போகும் வணிக நண்பர்கள், உதிரிபாக மொத்த வியாபாரிகளான எங்களிடம் அடிக்கடி கேட்பது இது.

இரும்பு டிஸ்க்கைத் தட்டி நிமிர்த்தியே பழகிவிட்டோம். அலாய் வீல் அப்படியல்ல. அலுமினியக் கலவையில் வார்த்து, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதமேற்றுகிறார்கள். அந்தப் பதம்தான் அதன் பலம். கேஸ் நெருப்பைக் காட்டி அடித்தால் வீல் வட்டமாகிவிடும், பதம் போய்விடும். மேலே பெயிண்டும் அடித்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

உள்விளிம்பில் சிறு வளைவு மட்டும் என்றால் ஹைட்ராலிக் இயந்திரத்தில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போதே வெடிப்பு விடுவதுண்டு. ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் சாயம் பூசி வெடிப்புப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக்கிலோ போல்ட் துளையருகிலோ வளைவு, வெடிப்பு இருந்தால் பழைய அலுமினிய விலைக்குப் போட்டுவிடுங்கள். இரும்பைவிட நல்ல விலைதான் கிடைக்கும். ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்பவரை நம்பி டிரைவரை அனுப்பாதீர்கள்.

புதிது ஒன்று போதும். நான்கும் மாற்றச் சொன்னால் அது விற்பவரின் லாபம். அளவு, போல்ட் துளைகளின் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். பின்னால் சரக்குப் பெட்டி ஏற்றுகிற நாம், வீலின் உட்புறம் பொறித்துள்ள சுமை அளவையும் பார்க்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஸ்டெப்னியில் ஓட்டுபவர்கள் அதில் எழுதியுள்ள வேக வரம்பைப் படியுங்கள். சிறிய ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான்.