உப்புக் காற்றும் விமான எஞ்சினும்

பாலாவி உப்பளங்களின் மேல் வீசும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களும் மிதக்கின்றன, நேயர்களே. புத்தளம், கற்பிட்டிக் கரையோரம் தாழப் பறக்கும் விமானத்தின் டர்பைன் எஞ்சின் அவற்றையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. அந்த உப்பு எரிபொருளிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, 700 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் டர்பைன் தகடுகளின் உலோகத்தையே அரித்துவிடும்.

ஆகவே எஞ்சின் பராமரிப்பில் கழுவுதலும் ஒரு முக்கிய பாடம். இலங்கை விமானப்படையின் வை-12 விமானங்களிலுள்ள பி.ரி.6 வகை எஞ்சினைப் பாருங்கள். ஓடி நின்ற எஞ்சின் முதலில் நன்றாக ஆறவேண்டும். பிறகு தீமூட்டாமல், ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றியபடி உள்ளே சுத்தமான நீரைச் செலுத்துவார்கள். பின்னர் எஞ்சினை இயக்கி ஈரத்தைப் போக்குவார்கள். உப்புக் காற்றில் தொடர்ந்து பறக்கும் விமானத்துக்கு இது அன்றாட வேலை. தகடுகளில் அரிப்பு உண்டா என்று பார்க்க, போரஸ்கோப் என்ற மெல்லிய கருவியை உள்ளே விடுவார்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் ஆர்வமுள்ள புத்தளத்துப் பிள்ளைகளே, கட்டுநாயக்கவில் ஸ்ரீலங்கன் விமான சேவையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கணிதத்தையும் பௌதிகவியலையும் இப்போதே ஊன்றிப் படியுங்கள்.