ரேடியேட்டரில் எண்ணெய் மிதந்தால் உடனே ஹெட்டைக் கழற்றலாமா?



பருப்பையும் வத்தலையும் கையில் அள்ளிப் பார்த்தாலே அதன் தரம் நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டியில் பழுது என்றால் மெக்கானிக் சொல்வதுதான் வேதம். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதால் நாங்கள் பட்ட நஷ்டத்தை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் மொத்த வியாபாரம் விருதுநகரில். சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு எங்கள் டீசல் வேனில் சரக்கு போகும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒருநாள் காலை ஓட்டுநர் வந்து, "அண்ணாச்சி, ரேடியேட்டர் தண்ணியில எண்ணெய் மிதக்குது" என்றார். போய்ப் பார்த்தோம். பால் ஊற்றிய காப்பி நிறத்தில், ஆடை போலக் கொழகொழவென்று இருந்தது.

இரண்டு நாள் முன்புதான் அவர் என்ஜின் ஆயில் ஊற்றியிருந்தார். "நீதான் இடம் மாத்தி ஊத்தியிருப்பே" என்று சத்தம் போட்டோம். இல்லை என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் சம்பளத்திலும் பிடித்துக் கொண்டோம்.

பட்டறையில் எந்தச் சோதனையும் செய்யாமலே "ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்றார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் செய்து, புது கேஸ்கட் போட்டார்கள். நான்கு நாள் வண்டி நின்றது. சீசன் நேரத்தில் வாடகை வண்டி பிடித்துச் சரக்கு அனுப்பினோம். வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடியும் எண்ணெய் மிதந்தது!

பிறகு வேறொரு பெரியவரிடம் காட்டினோம். அவர் ஹெட்டைத் தொடவே இல்லை. ஆயில் கூலரை மட்டும் கழற்றி, துவாரங்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று கொடுத்தார். குபுகுபுவென்று குமிழி வந்தது. ஓட்டை கூலரில்தான்!

காரணம் என்ன?

ஆயில் கூலரில் ஒரு பக்கம் எண்ணெயும் மறுபக்கம் தண்ணீரும் ஓடும். நடுவில் மெல்லிய உலோகத் தடுப்பு. வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 3, 4 கிலோ வரை இருக்கும். தண்ணீரின் அழுத்தமோ சுமார் 1 கிலோதான். தராசில் கனத்த தட்டு கீழே இறங்குவது போல, தடுப்பு ஓட்டையானால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். சூடான தண்ணீரின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் எண்ணெய்க்குள் போகவும் கூடும். அது பேரிங்குகளையே கெடுத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் அது எண்ணெய்தானா என்று பாருங்கள். துருத் தண்ணீரும் பழுப்பாகத்தான் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து இரவு முழுதும் வையுங்கள். துரு அடியில் படியும். எண்ணெய் மேலே நிற்கும்.

2. அளவுக் குச்சியில் எண்ணெய் குறைகிறதா என்று தினமும் குறித்து வையுங்கள். குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

3. என்ஜின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வரலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே ஓஸ் கல் போல இறுகினால், வெள்ளைப் புகையும் அதிகச் சூடும் இருந்தால், ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகிக்கலாம். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது.

4. இவை எதுவும் இல்லாமல் எண்ணெய் மட்டும் மிதந்தால் ஆயில் கூலரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு. கூலர் நன்றாக இருந்தால் அதன்பிறகு ஹெட்டைக் கழற்றலாம். கேஸ்கட்டில் எண்ணெய் வழி மட்டும் கிழிந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால்தான் இந்த வரிசை. சில சிறிய வண்டிகளில் ஆயில் கூலரே இராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுது பார்த்தபின்

ரேடியேட்டரையும் என்ஜினின் தண்ணீர் வழிகளையும் பிசுக்குப் போகும் வரை பலமுறை கழுவ வேண்டும். எண்ணெய் பட்டு உப்பிய ரப்பர் ஓஸ்களை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். கழுவிய பிறகும் சில நாள் லேசாக எண்ணெய் தெரியலாம். அது பழைய மிச்சம். நாளுக்கு நாள் கூடினால்தான் கவலை.

கடைசியாக ஒன்று. பிடித்த பணத்தை ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்து, "தப்பு எங்க மேலதான், தம்பி" என்று சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியும் அதைச் சொல்ல நாக்குக் கூசியது. அவர் மட்டும் அன்று காலை மூடியைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் என்ஜினே போயிருக்கும். எடைக்கல்லைச் சோதிக்காமல் நாம் யார் மீதும் குறை எடை என்று பழி போடுவதில்லை. வண்டி விஷயத்திலும் அப்படியே நடப்போம்.