துருவத்தில் தடுமாறிய சக்கரம்

2021 பொங்கலுக்கு எங்கள் பக்கம் வாசலில் போட்ட கோலம் நிற்கவில்லை. தாமிரபரணியில் வெள்ளம். டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் சாய்ந்தது. டிசம்பரோடு மூட்டை கட்ட வேண்டிய வடகிழக்குப் பருவமழை, அந்த வருடம் ஜனவரி 19-ம் தேதிதான் விடைபெற்றது. சிவகாசியில் 'பயர் ஆபீஸ்' வேலைக்குப் போகும் என் மைத்துனன் (பட்டாசு ஆலைக்கு ஊரில் அதுதான் பெயர்), சரக்கைக் காயப்போட ஒரு நாள் வெயில் இல்லை என்று புலம்பிவிட்டு, செல்போனில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினான். "வடதுருவத்துல காத்துச் சுழல் உடைஞ்சிருச்சாம் மச்சான். அதான் இந்த மழையாம்."

உடைந்தது நிஜம். மற்றது பற்றித்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் அந்தப் புலம்பலுக்கு ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி சிவகாசி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. விவசாயிக்குச் சாபமான அந்தக் காய்ச்சலைத்தான் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் முதலாக்கினார்கள். தீக்குச்சியோ, திரியோ, மருந்து ஏற்றிய குழாயோ, எல்லாம் வெயிலில் காய்ந்தாக வேண்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் இறங்கினால் சரக்கு கெடுவதோடு போகாது. உள்ளுக்குள் வேதிவினை நடந்து தானாகவே சூடேறும். ஆகவே இங்கே காலம் தப்பிப் பெய்யும் மழைக்கு யாராவது காரணம் சொன்னால், காது கொடுத்துக் கேட்பார்கள்.

இனி துருவத்துக்குப் போவோம். குளிர்காலத்தில் அங்கே மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில், ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்கிற அடுக்கு மண்டலத்தில், காற்று மைனஸ் 70, 80 டிகிரி வரை குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ந்த காற்றைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் துருவச் சுழல். தரைச்சக்கரம் கொளுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வழவழப்பான சிமென்ட் தரையில் சக்கரம் நின்ற இடத்திலேயே நிதானமாகச் சுற்றும். சிறு கல் தட்டினால் தள்ளாடும், ஓரத்துக்கு ஓடும்.

இங்கே கல் கீழிருந்து வருகிறது. இமயமும் ராக்கி மலைகளும் காற்றோட்டத்தை மோதித் தள்ளுவதாலும், நிலமும் கடலும் வேறு வேறு அளவில் சூடாவதாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் வளிமண்டலத்தில் எழுகின்றன. சில குளிர்காலங்களில் அவை வலுவாக மேலேறிச் சுழலின்மீது உடைகின்றன. வளையம் வேகம் இழக்கும். சில நேரம் திசையே மாறிக் கிழக்கிலிருந்து வீசும். சுழல் துருவத்தை விட்டு நகரும், அல்லது இரண்டாகப் பிளக்கும். அப்போது துருவத்துக்கு மேலே காற்று அமுங்கிக் கீழிறங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி ஏன் சுடுகிறதோ, அதே காரணத்தால் அந்தக் காற்றும் சூடாகிறது. நாலைந்து நாளில் 50 டிகிரி வரை ஏறிவிடும். சூடு என்றால் நம்ம ஊர்ச் சூடு இல்லை; மைனஸ் 70 இருந்த இடம் மைனஸ் 20 ஆகும், அவ்வளவுதான்.

1952-ல் பெர்லினில் பலூன் விட்டு அளந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக் இதை முதலில் கண்டார். அலைகள்தான் காரணம் என்று கணக்குப் போட்டு 1971-ல் காட்டியவர் ஜப்பானியரான தாரோ மட்சுனோ. பத்தாண்டில் சுமார் ஆறு முறை இது நடக்கிறது. 2021-ல் ஜனவரி 5-ம் தேதி நடந்தது.

சுழல் உடைந்தால் அதன் விளைவு சில வாரங்களில் கீழே இறங்கி, ஐரோப்பாவுக்கும் வட ஆசியாவுக்கும் துருவக் குளிரை அவிழ்த்துவிடக்கூடும். 2018 பிப்ரவரி நடுவில் சுழல் பிளந்தது. மாதக் கடைசியில் பிரிட்டன் பனியில் புதைந்தது. நம் மார்கழி, தைக் குளிர் அந்த ஜாதி இல்லை. மேகமற்ற இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, அதனால் வரும் குளிர். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொன்ன பாட்டிகள் துருவத்தைப் பார்க்காமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் பொங்கல் மழை? அது பசிபிக்கில் லா நினா நிலவிய குளிர்காலம். மழையைக் கொண்டுவந்தவை வங்கக்கடலிலிருந்து வந்த கீழைக்காற்றுகள். துருவத்தில் காற்று கீழிறங்கும்போது அதற்கு ஈடாக நம் தலைக்கு மேலே அடுக்கு மண்டலத்தில் காற்று உயர்ந்து சற்றே குளிர்கிறது என்பது உண்மை. அது இடிமேகங்களைத் தூண்டுமா என்று ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். ஆனால் அதை வைத்துச் சாத்தூரில் பெய்த ஒரு மழைக்கு ரசீது எழுத முடியாது.

ஆனாலும் துருவச் சுழல் நம் பக்கம் வருகிறது. வாட்ஸ்அப் பார்க்காத உயரத்தில் வருகிறது.

சிவகாசிக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, 80 கிலோமீட்டர் சொச்சத்தில், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரம். கோயில் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. 1992 முதல் அங்குள்ள ரேடார் ஒன்று, தரையிலிருந்து 60 முதல் 98 கிலோமீட்டர் வரை காற்று எப்படி வீசுகிறது என்று அளக்கிறது. அந்த இடம் அமைந்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிச் செல்வது. கேரளத்தில் தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைந்ததும் இதனால்தான். அந்தக் கோட்டுக்கு மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தரையிலுள்ள காந்தமானிக்குத் தெரியும்.

எஸ். ஸ்ரீதரன், எஸ். சதீஷ்குமார், எஸ். குருபரன் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 1998-99, 2001-02, 2003-04, 2005-06 ஆகிய நான்கு குளிர்காலங்களை எடுத்துக்கொண்டார்கள். வடதுருவத்தில் சுழல் உடைந்த நாட்களை ஒட்டி, இங்கே பிற்பகலில் அந்த மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பியிருந்தது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதுபோல் வளிமண்டலத்திலும் அரை நாளுக்கொரு முறை ஓர் ஓதம் உண்டு; அந்த மின்னோட்டத்தை ஓட்டுவதில் அதற்கும் பங்குண்டு. இரண்டு குளிர்காலங்களுக்கு ரேடார் பதிவைப் பார்த்தபோது, சுழல் உடைந்த நாட்களில் 88 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஓதம் பெருத்திருந்தது, பிறகு ஒடுங்கியிருந்தது. துருவத்தில் சக்கரம் தடுமாறினால், திருநெல்வேலி வானத்தின் மாடியில் விளக்கு மினுக்குகிறது.

இதையெல்லாம் மைத்துனனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நூறு கிலோமீட்டரா? நம்ம ராக்கெட் அதுல எவ்வளவு மச்சான் போகும்?"

தென்னைமரம் தாண்டினால் பெரிது என்றேன். சிரித்துவிட்டு எழுந்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஒரு கை பிடிக்கச் சொன்னான்.