விளக்குக்கு வடிவம் தரும் அட்டை

ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்றால், கீழே சேலம் முழுக்க விளக்குப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை எல்லாம் நட்சத்திரங்களாகப் படமெடுக்க ஒரு கருப்பு சார்ட் அட்டையும் பிளேடும் போதும்.

தூரத்து விளக்கின் ஒளி லென்ஸின் முகம் முழுவதிலும் விழுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால், அந்த ஒளி சென்சாருக்கு முன்பே ஒன்றுகூடி, மறுபடி விரிந்து, வட்டமாகப் பதியும். அது நுழைந்த திறப்பு வட்டம் என்பதுதான் காரணம். அட்டையில் நட்சத்திரம் வெட்டி லென்ஸ் முன் மாட்டி, திறப்பை நட்சத்திரமாக்கினால் ஊர் விளக்கெல்லாம் நட்சத்திரம்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று இதற்கு நேர்மாறானதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும் மரநிழலில் விழுந்தவை பிறைகள். ஈரோடு, கரூர் பக்கம் வளையங்கள். துளை சிறியதாகவும் ஒளிமூலம் அகலமாகவும் இருந்தால் ஒளிமூலத்தின் உருவம் விழும். துளை பெரிதாகி, விளக்கு வெறும் புள்ளியானால் துளையின் உருவம் விழும். ஒரே விதியின் இரு முனைகள் இவை. பள்ளியில் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இனி அளவு. 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் என்றால், 50ஐ 1.8ஆல் வகுக்க, திறப்பு சுமார் 28 மி.மீ. வெட்டும் வடிவம் அதற்குள் அடங்க வேண்டும், 15 மி.மீ. நன்றாக வரும். பெரிதாக வெட்டினால் ஓரங்களை லென்ஸே அறுத்துவிடும். 15 மி.மீ. வட்டம் வெட்டினாலே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளிதான் உள்ளே போகும். நட்சத்திரத்தில் இன்னும் குறையும். எனவே ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். அட்டையை லென்ஸ் முகத்தோடு ஒட்டினாற்போல, சுற்றிலும் ஒளி கசியாமல் மாட்டுங்கள். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும். எஃப் 8 வைத்தால் உள்ளிருக்கும் இதழ்கள் 6 மி.மீ. துளையாகச் சுருங்கி, வெட்டிய வடிவத்தை மறைத்துவிடும். ஆளை ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் நட்சத்திரம் இரு மடங்குக்கு மேல் பெரிதாகும்.

மலையேற முடியாதவர்களுக்கு ஆடித் திருவிழாவில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் சீரியல் செட் இருக்கிறது. நாமக்கல் லாரிகளின் கலர் பல்புகளும் இருக்கின்றன.

நட்சத்திரத்துக்குப் பதில் அரசிலை வெட்டிப் பாருங்கள். பின்னணி விளக்குகளில் இலை நேராக நிற்கும். ஃபோகஸுக்கு முன்னால், கேமராவுக்கு மிக அருகே, ஒரு சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைப் பிடித்து டார்ச் அடித்தால், அதன் மினுக்குகளில் அதே இலை தலைகீழாகத் தெரியும். பின்னணி ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று கடந்த பிறகு சென்சாரை அடைகின்றன. கொலுசின் கதிர்கள் கடப்பதற்கு முன்பே அடைந்துவிடுகின்றன.