கோலம் பிசகினால் அழிக்கத்தான் வேண்டுமா?

மார்கழி வந்தால் போதும், யார் வீட்டுக் கோலம் பெரிசு, யார் வீட்டில் கம்பி கோணியிருக்கு என்று பார்ப்பதே நம்மில் சிலருக்கு வேலை. அந்தப் பேச்சு சின்னப் பெண்களின் மனசை எப்படிக் குத்தும் என்று யோசிப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மார்கழியில் 7 புள்ளியில் ஆரம்பித்து, இரு பக்கமும் 4 வரை இடைப்புள்ளி வைத்து சிக்குக் கோலம் போட்டாள். மொத்தம் 37 புள்ளி. ஒரு மூலையில் மட்டும் கம்பி வெளியே வளைந்து விட்டது. அந்த வழியாக வந்த ஒரு அம்மாள், "புத்தகத்துல இப்படியா இருக்கு? அழிச்சிட்டுப் போடு" என்று நாலு பேர் எதிரில் சொல்லி விட்டார். தண்ணீர் ஊற்றி அழித்தவள்தான். பத்து நாள் கோலப்பொடி டப்பாவைத் தொடவில்லை. "எனக்குக் கோலம் வராது அத்தை" என்றாள்.

என் மாமியார் அவளைக் கூப்பிட்டு, அதே கோலத்தை நோட்டில் போடச் சொன்னார். "அழிக்காதே கண்ணு. வளைஞ்ச இடத்துல ஒரு புள்ளி வைச்சு, கம்பியை அதைச் சுத்தி விடு. மீதி அஞ்சு மூலையிலும் அதே மாதிரி செய்" என்றார். 37 புள்ளி 43 ஆனது. ஆறு மூலையிலும் ஆறு மொட்டு! எனக்குத் தாமரையாகத் தெரிந்தது. மாமியார் நட்சத்திரம் என்றார். அவளோ, "ஆமை பாட்டி! தலை, வால், நாலு கால்" என்றாள். பொங்கலன்று அவள் வீட்டு வாசலில் அந்த ஆமைதான்!

சிக்குக் கோலத்துக்கு முறை உண்டு. கம்பி புள்ளியைத் தொடக் கூடாது, தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி போன்றவர்கள் 1970-களிலேயே கோலத்தைக் கணித முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். முறையைக் கண்டிப்பாகச் சொல்லித் தருவோம். ஆனால் புத்தகத்தில் இல்லாததெல்லாம் தப்பு என்று சொன்னால் புதுக் கோலம் எங்கிருந்து வரும்? கலர்ப் பொடி கோடு தாண்டிச் சிந்தினால்கூட, விரலால் இழுத்து ஒரு இலையாக்கி விடலாமே!

வாசல் கோலத்தை மறுநாள் நாமே பெருக்கி விடுகிறோம். மனசில் விழுந்த சொல் அப்படிப் போவதில்லை. ஆகவே தோழியரே, பிள்ளைகள் கோலம் போடும்போது "தப்பு" என்று சொல்லும் முன், "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.