அவசரத்துக்கு வெடிக்குமா அந்த ரிவால்வர்? லைசென்ஸ் துப்பாக்கியை நம்பலாமா, கூடாதா... முழு விளக்கம்!

பூந்தமல்லி - ஆவடி சாலையில் இருக்கும் சென்னீர்குப்பம் பக்கம் ஒருவர் அடகுக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்து, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். அன்றிலிருந்து அது பீரோவுக்குள்தான் இருக்கிறது. ஒரு தடவைகூட சுட்டதில்லை. "அதான் கையில இருக்கே... அப்புறம் என்ன பயம்?" என்பதுதான் அவருடைய தைரியம்.

ஆனால் ராத்திரி ஷட்டரை உடைக்கும் சத்தம் கேட்கும்போது அந்த ரிவால்வர் வெடிக்குமா? இல்லை 'க்ளிக்' என்று சத்தம் மட்டும் வருமா? அதைவிட முக்கியம், கை தவறிக் கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் இருக்குமா?

டேங்க் தொழிற்சாலை இருக்கும் ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினர் அதிகம். அப்படி ஓய்வு பெற்றவர்களில் சிலர் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு 'கன்மேன்' வேலைக்குப் போவதும் உண்டு. அவர்களுக்குத் துப்பாக்கி பிழைப்புக்கான கருவி. அதனால் இந்தக் கேள்வி அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

இந்தியாவில் 'பட்ஜெட் துப்பாக்கி' இருக்கா?

சட்டப்படி பார்த்தால், கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்காவில் ஹை-பாயிண்ட் என்ற கம்பெனியின் கைத்துப்பாக்கி 200 டாலர் அளவில் கிடைக்கும். இந்தியாவில் 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களுக்கான எடை குறைந்த ரிவால்வர் என்று 'நிர்பீக்' மாடலை அறிமுகம் செய்தபோது, அதன் விலை சுமார் ரூ.1.22 லட்சம். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 1,950 டாலர். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் 'நிடர்' என்ற .22 ரிவால்வர்தான் சுமார் 35 ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, மலிவு ரகம் எனப் பேசப்பட்டது.

ஏன் இந்த விலை? பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. அதன் பிறகு பல வருடங்களுக்கு, கைத்துப்பாக்கி வேண்டும் என்றால் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு அல்லது பழைய இறக்குமதித் துப்பாக்கி என்ற நிலைதான். போட்டி இல்லாத இடத்தில் விலையும் குறையாது, தரமும் வேகமாக ஏறாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 அக்டோபர் 1-ம் தேதி ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டு 7 அரசு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. கவச வாகனங்களுக்கான கம்பெனியின் தலைமையகம் ஆவடியிலேயே இருக்கிறது. சிறிய ரக ஆயுதங்களைத் தயாரிக்கும் கம்பெனி கான்பூரில். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதன் கீழ்தான் வருகிறது. இந்த கான்பூர் கம்பெனி 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை அறிமுகம் செய்தது. பிரிட்டனின் வெப்லி நிறுவனம் உத்தரப்பிரதேசத்தின் சந்திலாவில் உள்ளூர் கூட்டாளியோடு சேர்ந்து ரிவால்வர் தயாரிக்கிறது. பிரேசிலின் டாரஸ் நிறுவனம் ஜிந்தால் குழுமத்தோடு சேர்ந்து ஹரியானாவின் ஹிசாரில் ஆலை அமைத்திருக்கிறது.

எல்லாமே ஏன் '.32'?

ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்.எம். போன்ற ரகங்கள் 'தடை செய்யப்பட்ட போர்' பட்டியலில் வரும். சாதாரண லைசென்ஸில் அவற்றை வாங்க முடியாது. மிச்சம் இருப்பது .32, .22 போன்ற ரகங்கள்தான். தோட்டாவும் பெரும்பாலும் புனே அருகே கட்கி தொழிற்சாலையிலிருந்து வருவதுதான். ஆக, வாங்குபவர் முன்னால் இருக்கும் சாய்ஸ் ரொம்பக் குறைவு.

ஓனர்கள் சொல்லும் குறைகள் என்னென்ன?

விலை குறைந்த கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், புகார்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

ஒன்று, மிஸ்ஃபயர். விசையை அழுத்தினால் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வரும். பழைய தோட்டா, ஈரம் ஏறிய தோட்டா, தேய்ந்த ஃபயரிங் பின் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

இரண்டு, ஜாம். இது பிஸ்டலில் அதிகம். தோட்டா வெடிக்கும் வேகத்தில்தான் மேல்பகுதி பின்னால் போய், காலி கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும். தோட்டாவில் வேகம் குறைந்தாலோ, மேகசின் வாய் லேசாக வளைந்தாலோ நடுவில் சிக்கிக்கொள்ளும்.

மூன்று, துரு. சென்னையின் ஈரக்காற்றில் மேல்பூச்சு சரியில்லாத இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் இன்னும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான்கு, கடினமான விசை. ரொம்ப அழுத்தி இழுக்க வேண்டியிருந்தால் கை ஆடும், குறி தப்பும்.

ரிவால்வரில் ஒரு வசதி உண்டு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை இழுத்தால் அடுத்த அறை சுழன்று வந்துவிடும். பிஸ்டலில் கையால் இழுத்து, சிக்கியதை வெளியேற்ற வேண்டும். பழக்கமே இல்லாதவருக்கு அந்தப் பதற்றத்தில் அது நடக்காது.

'ப்ரூஃப்' முத்திரை இருந்தால் போதாதா?

சட்டப்படி விற்கப்படும் துப்பாக்கிக்கு 'ப்ரூஃப்' சோதனை உண்டு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள்.

ஆனால் இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். துப்பாக்கி உங்கள் கையிலேயே வெடித்துச் சிதறாது என்பதற்குத்தான் அந்த முத்திரை உத்தரவாதம். நூறு தடவை இழுத்தால் நூறு தடவையும் வேலை செய்யும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அந்த இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் தனியாகச் சட்டம் போட்டது. 1999-ல் நிறைவேறி, 2001-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டப்படி, ஒரு மாடலில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் 600 ரவுண்டு சுட வேண்டும். முதல் 20 ரவுண்டில் ஒரு கோளாறுகூட வரக்கூடாது. 600 ரவுண்டிலும் சேர்த்து 6 கோளாறுக்கு மேல் போகக்கூடாது. சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் பல கோணங்களில் போட்டுப் பார்க்கும்போது வெடிக்கவே கூடாது.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

1968-ல் அமெரிக்கா, வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான குட்டித் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விளைவு? லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ரேவன், லார்சின், டேவிஸ், பிரைகோ என்று வரிசையாக மலிவு விலை கம்பெனிகள் முளைத்தன. பொம்மைக்கும் டோஸ்டருக்கும் பாதுகாப்பு விதி போடும் அமெரிக்க நுகர்பொருள் ஆணையத்துக்கு, துப்பாக்கி மேல் கைவைக்க அதிகாரமே கிடையாது.

1994-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் பிரைகோ பிஸ்டலில் இருந்த தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார் ஒரு இளைஞர். அந்த மாடலில் சேஃப்டியை விடுவித்தால்தான் தோட்டாவை எடுக்க முடியும். துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் இருந்த 7 வயதுச் சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தோட்டா சிக்கும் குறையை மறைக்கத்தான் சேஃப்டியை அப்படி வடிவமைத்தார்கள் என்று சிறுவன் தரப்பு வாதிட்டது. 2003-ல் நடுவர் குழு, கம்பெனி தரப்பு மேல் சுமார் 2.4 கோடி டாலர் பொறுப்பு சுமத்தியது. கம்பெனி திவாலானது.

'ஜாம் ஆகுதே' என்பது வெறும் எரிச்சலூட்டும் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதேபோல் 2015-ல், கீழே விழுந்தால் வெடிப்பதாக எழுந்த வழக்கில் டாரஸ் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஒன்பது மாடல்கள், சுமார் 9.5 லட்சம் பிஸ்டல்கள் அதில் அடக்கம். தவறை கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. மறுபக்கம், பார்க்க அழகில்லை என்று கிண்டல் செய்யப்படும் ஹை-பாயிண்ட், கைமாறி வாங்கியவருக்கும் ஆயுள் முழுக்க வாரண்டி கொடுத்தே பெயர் எடுத்தது. மலிவு என்றாலே மோசம் என்றும் இல்லை, விலை அதிகம் என்றாலே நம்பலாம் என்றும் இல்லை.

நம்ம ஊரில் உண்மையான சிக்கல் எது?

சுடாமலேயே கிடப்பதுதான்! லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தோட்டா வாங்க முடியும். விலையும் அதிகம். அதனால் வாங்கிய தோட்டாவைப் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். பயிற்சியும் இல்லை, துப்பாக்கி வேலை செய்கிறதா என்பதும் தெரியாது.

இதோடு ஒவ்வொரு தேர்தலின்போதும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் எண்ணெய் படாமல் கிடந்த துப்பாக்கி திரும்பி வரும். ஓனர் அதை வாங்கி அப்படியே பீரோவில் வைத்துவிடுவார்.

"மொட்டை மாடியில ஒரு ரவுண்டு போட்டுப் பாத்துடலாமா?" என்று நினைத்தால்... வேண்டவே வேண்டாம். 2019 சட்டத் திருத்தப்படி, பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகவோ, கொண்டாட்டத்துக்காகவோ சுட்டால் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மேலே போன தோட்டா கீழே வரும் இடத்தில் யார் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

அப்போ என்னதான் செய்வது?

* வாங்கும்போதே கடைக்காரரிடம் வாரண்டி, சர்வீஸ் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். துப்பாக்கி எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா எனப் பாருங்கள்.
* அங்கீகாரம் பெற்ற ஷூட்டிங் ரேஞ்சில், அனுமதியோடு, பயிற்சியாளர் முன்னிலையில் சுட்டுப் பாருங்கள். 2016 ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கின்றன. அதைச் சடங்காக முடிக்க வேண்டாம்.
* ரேஞ்சில் பழைய தோட்டாவைச் செலவழித்து, புதியதைக் கைவசம் வையுங்கள்.
* தோட்டா வெடிக்கவில்லை என்றால் குழலுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. பாதுகாப்பான திசையில் குறைந்தது 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும்.
* தேர்தல் முடிந்து திரும்ப வாங்கியதும் துடைத்து, லேசாக எண்ணெய் போடுங்கள். தோல் உறையில் சேமித்து வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல், தோட்டா தனியாக, பூட்டு போட்டு வையுங்கள்.
* ரிப்பேர் என்றால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். தெரிந்த லேத் பட்டறை, தெரிந்த மெக்கானிக் எல்லாம் சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

பழுதான துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டால்?

துப்பாக்கியும் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளால் பாதிப்பு வந்தால் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பில், வாரண்டி, கடைக்கு எழுதிய கடிதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று...

இந்தியாவில் உண்மையிலேயே 'மலிவாக'க் கிடைப்பது கள்ளத்துப்பாக்கி மட்டும்தான். எந்தச் சோதனையும் பார்க்காத அந்தக் குழல், சுடுபவர் கையிலேயே வெடிக்கலாம். அதைத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

லைசென்ஸோடு வாங்கியவர் கேட்க வேண்டியது, 'என்ன விலைக்கு வாங்கினோம்' என்பதை அல்ல. 'கடைசியாக எப்போது சோதித்தோம்' என்பதைத்தான். பதில் 'ஞாபகம் இல்லை' என்றால், பீரோவுக்குள் இருப்பதை நம்பி இருக்கக் கூடாது. கடைக்கு ஒரு சிசிடிவி, அலாரம், நல்ல பூட்டு, 112 என்ற அவசர எண்... இவை மலிவு, பெரும்பாலான ராத்திரிகளுக்கு இவையே போதும்.