பச்சை விளக்கை நம்பி வாங்காதீர்கள்

கிரைண்டரின் கேபிளுக்குள் மூன்று கம்பிகள் இருக்கின்றன. பேஸ் அறுந்தால் கிரைண்டர் நின்றுவிடும். நியூட்ரல் அறுந்தாலும் நின்றுவிடும். எர்த் அறுந்தால் மட்டும் எதுவும் நடக்காது. அன்றைக்கும் மாவு அரையும், அடுத்த மாதமும் அரையும். பிறகு ஒருநாள் உள்ளே காப்பு (இன்சுலேஷன்) பழுதாகி, பேஸ் கம்பி உலோக உடலைத் தொடும்போதுதான் எர்த் இல்லாதது தெரியவரும். எர்த் சரியாக இருந்திருந்தால் அதன் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். அது இல்லாதபோது ஈரத்தரையில் நின்று கிரைண்டரைத் தொடுபவரின் உடம்புதான் வழி. சுமார் அரை மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே சுருக்கென்று உணரலாம். 10 மில்லி ஆம்பியரில் தசை இறுகி, பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். இப்படி வெளியே தெரியாமல் காத்திருக்கும் பழுதுகளைத் தேடுவதற்காகவே 'பேட் டெஸ்டர்' எனப்படும் போர்ட்டபிள் அப்ளையன்ஸ் டெஸ்டர் இருக்கிறது. சாதனத்தின் பிளக்கை அதில் செருகி, ஒரு கிளிப்பைச் சாதனத்தின் உலோக உடலில் மாட்டுகிறோம். எர்த் பின்னிலிருந்து உடல்வரை கம்பி முழுமையாக இருக்கிறதா, காப்பு தாங்குகிறதா, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அது பார்க்கிறது. சந்தையில் இது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் காட்டுவது ஒன்று. அளந்த எண்ணைக் காட்டுவது இன்னொன்று. விலை கூடினாலும் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தச் சோதனை ஒரு தொழிலாகவே வளர்ந்த நாடு பிரிட்டன். பணியிட மின்சாரம் பற்றிய அங்குள்ள 1989ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆபத்து நேராதபடி சாதனங்களைப் பராமரிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன. என்ன சோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்றெல்லாம் அவை சொல்லவில்லை. ஆனாலும் அலுவலகத்தில் இருக்கும் டேபிள் லேம்ப்வரை ஆண்டுதோறும் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் பரவிவிட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ராக்னர் லோஃப்ஸ்டெட் 2011இல் அரசுக்குத் தந்த அறிக்கையில், ஆபத்துக் குறைந்த இடங்களில் இந்தச் சோதனை அளவுக்கு மீறி நடப்பதைச் சுட்டிக்காட்டினார். பெரும்பாலான பழுதுகளைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பும் சொல்கிறது. உரிந்த கேபிள், கருகிய பின், உடைந்த பிளக், டேப் சுற்றிய இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கக் கருவி எதற்கு? அப்படியானால் டெஸ்டரே வேண்டாமே என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரிகிற பழுதுகளுக்கு வேண்டாம்தான். கேபிளுக்குள் அறுந்த எர்த் கம்பி கண்ணுக்குத் தெரியாது; அது வேறு எந்த அறிகுறியும் காட்டாது. மல்டிமீட்டர் போதாதா என்பது அடுத்த கேள்வி. கம்பி தொடர்கிறதா என்று அது சொல்லிவிடும். ஆனால் அது செலுத்துவது சில வோல்ட் மட்டும். அந்த அழுத்தத்தில் நன்றாகத் தோன்றும் காப்பு, 500 வோல்ட்டில் வண்டவாளம் வெளியாகித் தோற்றுப்போகலாம். எலெக்ட்ரீஷியன்கள் உயர் அழுத்தத்தில் காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

இனி, எண் ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். எர்த் பாதையின் மின்தடை பிரிட்டிஷ் வழிகாட்டலின்படி 0.1 ஓமுடன் கேபிளின் சொந்தத் தடையைக் கூட்டிய அளவைத் தாண்டக்கூடாது. அந்தச் சொந்தத் தடை நீளத்துக்கும் தடிமனுக்கும் ஏற்ப மாறும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம். அதில் செய்த 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள், குறையேதும் இல்லாமலே 0.33 ஓம் காட்டும். 0.1 ஓமில் நிலையாக வைத்த விளக்குப்பெட்டி இந்த நல்ல கேபிளுக்குச் சிவப்பு காட்டும். சரி, எல்லையை 0.5 ஓமுக்குத் தளர்த்திவிடலாம் என்றால், மறுபக்கம் இடிக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, 0.75 சதுர மில்லிமீட்டர் கெட்டில் கேபிள் காட்ட வேண்டியது ஏறக்குறைய 0.04 ஓம். அது 0.3 காட்டினால் எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது துரு ஏறியிருக்கிறது. விளக்கு பச்சையாகவே எரியும். இன்னொன்றும் உண்டு: ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரநிலை 1 ஓம் வரை அனுமதிக்கிறது. ஒரே கெட்டில் ஒரு நாட்டுப் பெட்டியில் தேறும், இன்னொரு நாட்டுப் பெட்டியில் தோற்கும். அந்த விளக்கு காட்டுவது, யாரோ ஒரு குழு வகுத்த எல்லைக்கு எந்தப் பக்கம் சாதனம் நிற்கிறது என்பதை மட்டும்தான். சென்ற ஆண்டு 0.05 இருந்தது இந்த ஆண்டு 0.12 ஆகியிருக்கிறது என்ற செய்தி எண்ணில்தான் கிடைக்கும். பழுதை அது நேரும் முன்பே பிடிக்க உதவுவது அந்தச் செய்தி.

எண் காட்டும் கருவிகளுக்குள்ளும் ஒரு பழைய சண்டை உண்டு. எர்த்தைச் சோதிக்க 25 ஆம்பியர் செலுத்துவதா, 200 மில்லி ஆம்பியர் போதுமா? பெரிய மின்னோட்டத்தின் கட்சியை எளிதில் ஒதுக்க முடியாது. 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 24 இழைகள் இருக்கும். ஓரிடத்தில் 5 மில்லிமீட்டர் தூரத்துக்கு 23 இழைகள் அறுந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் தடை கூடுவது 3 மில்லி ஓமுக்கும் குறைவு, 0.01 ஓம்வரை மட்டும் பிரித்துக் காட்டும் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. அதாவது இங்கே என் அருமை எண்ணும் ஏமாற்றும். 25 ஆம்பியர் பாய்ந்தாலோ அந்த ஒற்றை இழை உருகிப் பழுது வெளிப்பட்டுவிடக்கூடும். ஆனால் அதே 25 ஆம்பியர் கம்ப்யூட்டர் போன்ற சாதனங்களில், பாதுகாப்புக்காக அல்லாமல் இரைச்சலைத் தடுக்கத் தரையுடன் இணைத்த மெல்லிய இணைப்புகளையும் கருக்கிவிடக்கூடும். சிறு மின்னோட்டத்தில் சோதிப்பவர், கேபிளை பிளக் அருகிலும் சாதனத்துக்குள் நுழையும் இடத்திலும் வளைத்து நெளித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால், அறுந்தும் சேர்ந்தும் ஊசலாடும் இழைகளின் எண் துள்ளும். இதற்கும் துள்ளுகிற எண் வேண்டும், விளக்கு உதவாது. ஆகவே கேபிளைத் தரையில் இழுத்து, மிதித்து வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டு மின்னோட்டமும் தரும் கருவி. அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டர் கூடத்துக்கும் 200 மில்லி ஆம்பியர் போதும்.

காப்புச் சோதனையிலும் இதே கதை. 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் சாதாரண எர்த் உள்ள சாதனம் 1 மெகாஓம், எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்புச் சாதனம் 2 மெகாஓம் காட்ட வேண்டும் என்பது பிரிட்டிஷ் அளவு. ஆனால் சர்ஜ் புரொடெக்டர் உள்ள ஸ்பைக் பஸ்டரில் 500 வோல்ட் ஏற்றினால், அதன் வேலையே அதிக அழுத்தத்தைத் தரைக்குத் திருப்புவது என்பதால், நல்ல சாதனமும் தோற்கும். 250 வோல்ட் வசதி அதற்குத்தான். ஈரம் உறிஞ்சிய ஹீட்டர் காயில் குளிர்ந்திருக்கும்போது குறைவாகக் காட்டி, சூடேறிக் காய்ந்ததும் மீளும். இங்கெல்லாம் தீர்ப்பு மனிதருடையது. இதைவிடப் பெரிய வேறுபாடு பேட்டரியில் ஓடும் கருவிக்கும் மின்இணைப்பில் ஓடும் கருவிக்கும் இடையே இருக்கிறது. மின்சாரம் வந்தால் மட்டுமே மூடும் இருமுனை ரிலே உள்ள இயந்திரத்தில், காப்புச் சோதனை அந்த ரிலேயோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் மோட்டாரை அது எட்டவே எட்டாது. சாதனத்தை உண்மையில் ஓடவிட்டுக் கசிவை அளந்தால்தான் தெரியும். கையில் பிடித்து வேலை செய்யும், எர்த் உள்ள கருவிக்கு 0.75 மில்லி ஆம்பியரும் இரட்டைக் காப்புக்கு 0.25 மில்லி ஆம்பியரும் எல்லை. இதைப் பேட்டரிக் கருவியால் நேரடியாகச் செய்ய முடியாது. (ரம்பத்தை இப்படிச் சோதிக்கும்போது அது சுழலும் என்பதை மறந்தவர் விரலை இழப்பார்.) 1,500, 3,000 வோல்ட் செலுத்தும் 'ஃபிளாஷ்' சோதனை தொழிற்சாலைக்கு உரியது, பயன்பாட்டில் உள்ள சாதனத்துக்கு மீண்டும் மீண்டும் அதைச் செய்தால் காப்பே கெடலாம். பார்கோடு, ப்ளூடூத், லேபிள் பிரிண்டர் எல்லாம் ஆயிரக்கணக்கான சாதனங்களைக் கணக்கு வைப்பவருக்கு வசதி. பாதுகாப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

பயிற்சி இல்லாதவர் கையில் எண்ணைக் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும், விளக்கு என்றால் தவறு நேராது என்பது விற்பனையாளர்களின் வாதம். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சாதனம் எந்த வகை, கேபிள் எவ்வளவு நீளம், எத்தனை வோல்ட்டில் சோதிப்பது என்பதை விளக்குப்பெட்டியும் தானாக அறியாது. யாரோ தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்த வேண்டும். இரட்டைக் காப்புச் சாதனத்தை எர்த் உள்ளதாகச் சோதிப்பவருக்கு விளக்கும் தவறாகத்தான் எரியும். இதையெல்லாம் தெரிந்தவர் எண்ணையும் படிப்பார். தெரியாதவரிடம் எந்தக் கருவியையும் கொடுக்கக் கூடாது.

பாலிடெக்னிக்கோ, பழுதுபார்க்கும் கடையோ, ஒலி ஒளி வாடகை நிலையமோ நம் ஊரில் இதை வாங்குவதானால் இரண்டு விஷயங்களைச் சேர்த்து யோசிக்க வேண்டும். பிரிட்டனுக்காகச் செய்த கருவியின் சாக்கெட்டில் தட்டையான பின்களுக்கே இடம். நம் 6, 16 ஆம்பியர் உருண்டைப் பின்களுக்கு அடாப்டர் தேவைப்படும். அந்த அடாப்டரின் தடையும் அளவில் சேரும். அதை முதலில் தனியாக அளந்து கழிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, இந்தக் கருவி பிளக்கின் எர்த் பின்னோடு நின்றுவிடும். சுவரில் உள்ள சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 0.04 ஓம் காட்டிய கிரைண்டரை எர்த் இணைக்காத சாக்கெட்டில் செருகினால் அந்த எண்ணால் பயனில்லை. டெஸ்டருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கட்டடத்தின் எர்த்தை அளந்து, அந்த எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.